மீனுக்குக் காது உண்டு

ஜனவரியில் மார்னி எங்கள் ஹவாய்க் கரைக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள். விடிந்தும் விடியாத நேரம். நானும் என் தம்பி லோபக்காவும் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தோம். காபிக் கோப்பையும் கையுமாகப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றவள் ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

“குட்மார்னிங்! மீன் பிடிக்கவா போறீங்க?”

லோபக்கா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வள்ளத்தைத் திருப்பிக் கரையேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டோம். கடலுக்குக் கிளம்புகிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அன்றைய பாடு போச்சு. மீனுக்குக் காது உண்டு. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால்கூட “ஹோலோஹோலோ” என்றுதான் நாங்கள் சொல்வோம். சும்மா சுற்றிவிட்டு வருகிறோம் என்று அர்த்தம். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாளும் அவள் அதையே கேட்டாள். அதற்கடுத்த நாள் லோபக்கா போய் அவளுக்கு விஷயத்தைச் சொன்னான். நான் போயிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அவள் நெப்ராஸ்காவில் லாரி ஓட்டியவள். கடலே இல்லாத ஊராம். அத்தனை ரோடும் ஓட்டி முடித்துவிட்டு என் பக்கத்து வீட்டில் வந்துதானா வண்டியை நிறுத்த வேண்டும் என்று எனக்கு எரிச்சலான எரிச்சல்.

பிப்ரவரி பிறந்தால் ஓபேலு மீன் பிடிப்பது எங்களுக்கு விலக்கு. ஆகஸ்ட் பிறக்கும்வரை ஒன்றைக்கூடத் தொடமாட்டோம். ஆனால் தினமும் கடலுக்குப் போவோம், மீனுக்குத் தீனி போட. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு உண்டு, பார் என்போம். வேகவைத்து மசித்த பூசணியையும் சேப்பங்கிழங்கையும் துணியில் கல்லோடு சுருட்டி இறக்கி, கயிற்றைச் சுண்டி இழுத்தால் அடியில் தீனி பரவும். தினமும் தின்று பழகிய கூட்டம் அங்கேயே தங்கிப் பெருகும். தீனி நின்றால் போய்விடும். என் கணவர் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்தப் பார்தான். வலை தூக்க முடியாத கிழவர்கள் வீடுகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் மீன் போகும்.

மார்ச்சில் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கப்போய் லோபக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தான். என் மகன் லாஸ் வேகாஸில் இருக்கிறான். “அம்மா, நீயும் இங்கயே வந்துடு” என்பான், பாலைவனத்தில் நான் வள்ளம் ஓட்டலாம் என்று நினைப்புபோல. வள்ளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் நீரோட்டத்தில் அதைப் பிடித்து நிறுத்தினால்தான் இன்னொருத்தர் தீனியை இறக்க முடியும். மற்றவர்களுக்கு அவரவர் பாரைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

“நான் வரேன் நோஹியா. எனக்குத் தோள்ல பலம் இருக்கு” என்றாள் மார்னி.

“இது என்ன லாரியா? போய் வேலையப் பாரு.”

போனாளா? இல்லை. எனக்கு உதவுகிறாளாம்! ஏப்ரலில் ஒருநாள் நான் தட்டுத்தடுமாறித் தனியாகப் பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவள் சின்னப் படகில் எனக்கு எதிரே சிரித்துக்கொண்டு வந்தாள். கையில் காலி வாளி. பாருக்கு மேலே தண்ணீர் எண்ணெய் பூத்துக் கிடந்தது. பெரிய பெரிய பாரை மீன்கள் துள்ளின. ஒரு சுறாவின் முதுகும் தெரிந்தது. ஓபேலு ஒன்றுகூட இல்லை.

“என்னடி போட்ட?”

“மீன் துண்டு... கடையில நல்ல இரைன்னு குடுத்தாங்க. நீங்க தனியா கஷ்டப்படுறீங்களேன்னு...”

“நாங்க ஏன் கிழங்கும் பூசணியும் மட்டும் போடறோம்னு யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியா? ரத்தம் போட்டா ரத்தம் குடிக்கிறதுதான் வரும்!”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “நான் எப்படிச் சரி பண்றது?”

“நீ ஒண்ணும் சரிபண்ண வேண்டாம். கேக்காம கை வைக்கிறவளுக்கு இங்க இடம் இல்ல. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தப் பார்லேர்ந்து ஒரு மீன்கூட உன் சட்டியில விழாது. தெரிஞ்சுக்கோ!”

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

மறுநாள் விடியலில் வந்து பார்த்தால், வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சட்டி, நிறைய மசித்த பூசணி. குட்மார்னிங் இல்லை, கேள்வி இல்லை. நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வள்ளத்தைத் தள்ளினேன். சட்டியை மட்டும் உள்ளே வைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே, மழை கொட்டிய நாளிலும் அப்படியே. பிடித்த பிடியை விடாத பெண்பிள்ளை. நானும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வள்ளத்தில் ஹவாய் மொழி தவிர வேறு பேச்சு கிடையாது. “நம்ம பேச்சு தெரியாதவ வள்ளத்துல கால வைக்க முடியாது” என்று அவள் காதில் விழும்படி ஒருநாள் சொல்லிவைத்தேன். அத்தோடு ஒழிவாள் என்று பார்த்தேன்.

கொஞ்ச நாளில் லோபக்கா புலம்ப ஆரம்பித்தான். “அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், அவள வள்ளத்துல ஏத்திட்டுப் போ. படுத்துக் கிடக்கிறவன் ஓட மாட்டான்னு தெரிஞ்சுக்கிட்டு என் கட்டில் பக்கத்துலயே உக்காந்துக்கிறா. நம்ம பேச்சுல துடுப்புக்கு என்ன சொல்லணும், நிறுத்துன்னா என்ன சொல்லணும்னு உசுர வாங்குறா. பெஞ்சுல உக்காந்து விளக்குமாத்தாலயே துடுப்புப் போடறா. என் முதுகுவலியே தேவலாம்.”

மே மாதம் ஒரு காலையில் நான் வள்ளத்தின் மறுபக்கம் நின்று கயிறு கேட்டேன். கயிறு அவள் பக்கம் கிடந்தது. வள்ளத்தைத் தாண்டிக் குதித்தால் ஒரு எட்டுதான். எங்களூர்ப் பிள்ளைகளே யாரும் பார்க்காதபோது தாண்டும். அவள் முனைவரை நடந்து, சுற்றிக்கொண்டு வந்து கயிற்றைக் கொடுத்தாள். வள்ளத்தைத் தாண்டக் கூடாது என்று அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

“ஏறு” என்றேன், எங்கள் மொழியில். ஏறினாள்.

பார் காலியாகத்தான் இருந்தது. தீனி இறங்கியது, தின்ன எதுவும் வரவில்லை. தினமும் போட்டோம், தினமும் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவள் உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, பிறகு தடித்துப்போனது. “இன்னும் போடணுமா, ஆன்டி?” என்று ஒருநாள் கேட்டாள், உடைந்த ஹவாய் மொழியில். “போடணும்” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் சொன்னேன். ஜூன் கடைசியில் தண்ணீருக்கடியில் ஒரு கருநிழல் திரும்பியது. சின்னக் கூட்டம்தான். ஓபேலு. அவள் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலையில் ஒருநாள் நாங்கள் கிளம்பும்போது, தொப்பி போட்ட ஒரு சுற்றுலாக்காரர் கரையிலிருந்து கையாட்டினார். “ஹலோ! மீன் பிடிக்கவா?”

மார்னி துடுப்பைத் தூக்கி வள்ளத்துக்குள் எறிந்தாள். “திருப்புங்க ஆன்டி.”

“அடியே, நாம தீனி போடத்தானே போறோம்?”

“அது நமக்குத் தெரியும். மீனுக்குத் தெரியுமா? திருப்புங்க!”

அந்த மனிதரை அவள் முறைத்த முறைப்பு இருக்கிறதே, ஜனவரியில் நான் முறைத்த அதே முறைப்பு. காபி குடித்துவிட்டு, அவர் போன பிறகுதான் மறுபடி கிளம்பினோம். அன்று வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆகஸ்ட் வந்தது. விலக்கு முடிந்த முதல் காலை, ஊரே கரையில் நின்றது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. என் வள்ளத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் இல்லை.

தடியூன்றி நின்ற லோபக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். “யார் சொன்ன வார்த்தையோ, அவங்கதான் போய்த் திரும்ப எடுத்துக்கணும்.”

ஊர் பார்க்க அவள் வாசலுக்கு நடந்தேன். உள்ளே அடுப்பில் பூசணி வெந்துகொண்டிருந்தது.

“ஏன் வரல?”

“தீனி போடறதுதான் என் வேலை ஆன்டி. நாளைக்கு வேணுமேன்னு வேகவைக்கிறேன். இன்னைக்கு...” அந்தச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். “நீங்க ஏப்ரல்ல சொன்னது ஞாபகம் இருக்கு.”

“ஏப்ரல்ல சொன்னது ஏப்ரலுக்குச் சரி. அதுக்காக நான் ஒண்ணும் வருத்தப்படல” என்றேன். “இது ஆகஸ்ட். கிளம்பு, ஹோலோஹோலோ போயிட்டு வரலாம்.”

அவள் எங்கே என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

வலை வழியவில்லை. போன வருஷத்தில் பாதிதான் வந்தது. ஆனால் வந்தது. முதல் மீனைக் கடலுக்கே விட்டேன். கரையில் கிழவர்கள் வீடுகளுக்குப் பங்கு பிரித்தேன். மார்னி ஒவ்வொரு வீட்டுக்கும் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் என் பங்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவைத் தட்டவில்லை. அடுப்பிலிருந்த பூசணியை ஒரு தட்டில் கொட்டினேன். அந்தச் சட்டியிலேயே மீனை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

“ஆன்டி...”

“ஒரு மீன்கூட விழாதுன்னு சொன்னேன்ல? எண்ணிக்கோ.”

அவள் எண்ணவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் கழுவ உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு கத்தியை எடுத்து நீட்டினாள்.