மூன்றாம் கவுண்டரில் ஒரு சுவிட்ச்

மருத்துவ உதவி அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் காலை பதினோரு மணிக்கு எழுத்தர் தன் பழைய கம்ப்யூட்டரின் பவர் பொத்தானை நாலாவது தடவையாக அமுக்கினார். உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. பெட்டியும் மூச்சுக் காட்டவில்லை. பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டார். "வியாழக்கிழமைதான் சார் வர முடியும்" என்று பதில் வந்தது. அன்று திங்கள்.

எழுத்தருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மூன்று நாளைக்கு யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம்! 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தபடி கலையத் தொடங்கினார்கள்.

ஒருத்தி மட்டும் நகரவில்லை. மின்விசிறி கம்பெனியில் சுவிட்ச் பொருத்துகிறவள். கம்பெனி அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன். இங்கேருந்து அனுமதிச் சீட்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா தேதியத் தள்ளிடுவாங்க."

"நான் என்னம்மா பண்றது? மெஷின் போச்சு."

"எப்படிப் போச்சு?"

இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. "அமுக்கினேன், வரல."

"'டிக்'னு சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே."

"அப்ப சுவிட்ச்தாண்ணே போயிருக்கும்! ஒரு நாளைக்கு நானூறு சுவிட்ச் மாட்டுற கை இது. திறந்து காட்டுங்க."

"வெளியாளு தொடக்கூடாது. ரூல்ஸ்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்ல ஒருத்தர் ஆஸ்பத்திரில படுத்திருந்தா, தாளை ஒட்டிட்டு சும்மா உட்கார்ந்திருப்பீங்களா?"

எழுத்தருக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்தார். பிறகு விருட்டென்று எழுந்து ப்ளக்கைப் பிடுங்கினார். "நீ தொட வேணாம். நீ சொல்லு, நான் பண்றேன். கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

வரிசையிலிருந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்த ஒரு லாரி டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். கலைந்துபோன மற்றவர்களும் திரும்பி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். மூடி கழன்றது. தூசி ஒரு தும்மல் போட வைத்தது.

"பொத்தானுக்குப் பின்னாடி பாருங்கண்ணே."

"ஸ்பிரிங் உடைஞ்சு கிடக்குது!"

"புது சுவிட்ச் இருக்கா?"

இல்லை. கூட்டம் "ச்சே" என்றது. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அதுக்குக் கீழ இன்னொரு குட்டி பொத்தான் இருக்கே, அது எதுக்கு?"

"அது ரீசெட். மெஷின் பாதில நின்னுட்டா திரும்ப ஓட வைக்கிறதுக்கு. நான் தொட்டதே இல்ல."

"அதுவும் அமுக்கி விடுற சுவிட்சுதானே? அந்த ஒயரை எடுத்து இதோட இடத்துல மாட்டினா?"

எழுத்தரின் கண்கள் விரிந்தன. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே ஒயர்கள் மாட்டியிருந்த பலகையில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். பவர் பொத்தானின் ஒயரை, அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளிலிருந்து கழற்றினார். ரீசெட் ஒயரை அந்த இரண்டு ஊசிகளில் செருகினார். ப்ளக்கைச் சொருகி, குட்டி பொத்தானை அமுக்கினார்.

டிக்!

உள்ளே விசிறி உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வெளிச்சம் வந்ததும், "வந்துடுச்சுய்யா!" என்று டிரைவர் போட்ட கூச்சலில் அடுத்த கவுண்டர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ கண்ணாடியிலிருந்த தாளைக் கிழித்தே போட்டார்கள். எழுத்தரும், தன் வயதை மறந்து, கைதட்டினார்.

பத்தே நிமிடத்தில் அனுமதிச் சீட்டு அச்சாகி வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றிண்ணே."

"நன்றிய நான்தாம்மா சொல்லணும்," என்றார் எழுத்தர். அலுவலகம் முழுக்கக் கேட்கும்படியாகவே சொன்னார்: "மெஷின் பழுதானா யாராச்சும் சரி பண்ணிடலாம். ஆனா 'இது என் வேலை இல்ல'ன்னு நாங்க கையைக் கட்டிட்டு உட்கார்ந்தா, வெளிய நிக்கிற ஒருத்தரோட உசுரே போயிடும். எங்களால முடியலன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தடவையாவது முயற்சி பண்ணிப் பார்க்கணும். நீ ஓடும்மா, உன் வீட்டுக்காரர் காத்துட்டிருப்பாரு!"