விழாவுக்காகச் சற்று வெளியே

பொழுது புலரும் முன்பே காஞ்சிபுரத்து ஓரிக்கைச் சாயப்பட்டறையில் கொப்பரைகள் கொதித்தன. கொம்பில் கோத்த பட்டு நூல் கழிகளை அரக்குச் சாயத்தில் அமிழ்த்துவதும் தூக்கித் திருப்புவதுமாக நின்றாள் அகதி முகாமிலிருந்து கூலிக்கு வந்த இந்திராணி. ஆவி முகத்தில் அறைந்தது. முழங்கை வரை சிவப்பு. கொம்பின் மறுமுனையைப் பிடித்திருந்த உள்ளூர்க்காரி துளசி, "பாத்தும்மா, மேல தெறிச்சா வெந்துடும்" என்றாள்.

வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார் வழக்கறிஞர் ஆராவமுதன். பாலாற்று வெள்ளம் இலங்கை அகதிகள் முகாமை வாரிக்கொண்டு போன பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிய அவசரகாலச் சட்ட உதவித் திட்டத்துக்கு அவர்தான் தலைவர். பொறுப்பேற்றதும் முதலில் விசிட்டிங் கார்டு அச்சடித்தார். அடுத்து, தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார்.

முகாம் குடும்பங்கள் தங்கியிருந்தது பட்டறை முதலாளி கலியாணசுந்தரத்தின் கல்யாண மண்டபத்தில். தாசில்தார் கேட்டதால் கொடுத்தார். கொடுத்த கையோடு, கூரைதான் சும்மா கிடைக்கிறதே என்று பட்டறையில் வேலை பார்த்த முகாம் ஆட்களின் கூலியைப் பாதியாக்கினார். முகூர்த்த நாள் நெருங்க, காலி பண்ணச் சொல்லி மிரட்டினார். மாற்றிடம் தரும்வரை அசைய வேண்டாம் என்று தாசில்தார் சொல்லியிருந்ததால் யாரும் அசையவில்லை.

"இன்னிக்கு மண்டபத்துல நடக்கற விழாவே உங்க உரிமையைப் பத்தித்தான்" என்றார் ஆராவமுதன். "ஒரு சின்ன ஒத்தாசை. பாய், பானையெல்லாம் கொஞ்சம் வெளியில வெச்சுடுங்கோ. போட்டோல நன்னா இருக்காது. விழா முடியற வரைக்கும்தான்."

"திரும்ப உள்ள விடுவினமோ ஐயா?" என்று கேட்டாள் இந்திராணி.

"நான் இருக்கேனே."

சொன்ன விதம் அவருக்கே பிடித்திருந்தது.

விழாவுக்காகப் பட்டறைக்கு அரைநாள் லீவு விட்டார் முதலாளி. கூலியில்லாத லீவு. பேனரில் ஆராவமுதன் மண்டப வாசலைவிட அகலமாகச் சிரித்தார். நாற்காலிகள் பெரிய மனிதர்களுக்கே சரியாகப் போனதால், அகதிகள் வெயிலில் தங்கள் பானைகளோடு நின்று தங்கள் உரிமைகளைக் கேட்டுக்கொண்டார்கள். ஊர் வழக்கப்படி, இடம் தந்த வள்ளலுக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார் ஆராவமுதன். வள்ளல் நெகிழ்ந்தார். விருந்தாளிகளின் கடைசிக் கார் நகர்ந்ததும், போர்த்திய பட்டோடு போய் மண்டபத்தைப் பூட்டினார்.

"இன்னா சார் இது?" என்று ஓடிவந்தான் இந்திராணியின் மகன் கிறிஸ்டோபர். முகாமிலேயே பிறந்தவன்.

"நானா காலி பண்ணச் சொன்னேன்?" கலியாணசுந்தரம் சாவியை இடுப்பில் செருகினார். "தானா தூக்கிக்கினு வெளிய வந்தாங்க. போட்டோ கூட இருக்குது. வக்கீல் சார்தான்பா சொன்னாரு. இன்னா சார், இல்லியா?"

முதலாளியின் மிரட்டலுக்கு அசையாதவர்களை ஆராவமுதன் ஒரே ஒரு வேண்டுகோளில் வெளியேற்றியிருந்தார்.

"கேஸ் போட்டுடலாம்" என்றார்.

ஒரு பெண் பேனரின் நிழலில் பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். மேலே இருந்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கீழே நின்றவருக்குத் தலை நிமிரவில்லை.

"கதவு திறக்கும்வரைக்கும் நான் கொம்பு தொடமாட்டன்" என்றாள் இந்திராணி.

"நீ இல்லேன்னா துளசி. எனக்கா ஆள் பஞ்சம்?"

"என்னக் கேட்டுக்கினா சொல்றீங்க முதலாளி?" துளசி மண்டபப் படியில் உட்கார்ந்தாள். "இவங்க கூலி பாதியாச்சி. அதையே காட்டி நாளைக்கு எங்களுதையும் அறுப்பீங்க. கொப்பரைய நீங்களே கலக்கிக்குங்க."

பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலாளி காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இந்திராணி வக்கீல் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லித்தான் வெளிய வந்தனாங்கள் எண்டு தாசில்தாரிட்ட சொல்லுவீங்களோ ஐயா?"

சொன்னால் அவர் சாட்சி. சாட்சியாக நிற்பவர் அந்த வழக்கில் வக்கீலாக நிற்க முடியாது. திட்டத்தின் முதல் வழக்கிலேயே திட்டத் தலைவர் தன் முட்டாள்தனத்தை வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். சின்ன காஞ்சிபுரமே சிரிக்கும்.

"சொல்றேன்" என்றார் ஆராவமுதன். "நான்தான் வெளியேத்தினேன்னு சொல்றேன். கேஸை வேற வக்கீல் நடத்தட்டும்."

"அப்ப இப்பவே போலாம்" என்றான் கிறிஸ்டோபர். "எல்லாருமா."

பானைகளுக்குக் காவலாகச் சிலர் தங்க, மற்றவர்கள் எழுந்தார்கள். பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பழக்க தோஷத்தில் கூட்டத்தின் முன்னால் போய் நின்ற ஆராவமுதன், சட்டென்று ஒதுங்கிக் கடைசி ஆளுக்கும் பின்னால் போனார்.

துளசி திரும்பிப் பார்த்தாள். "அங்க இன்னா சார் பண்றீங்க? நடுவுல வாங்க. சாட்சி பாதி வழியில நழுவிட்டா நாங்க எங்க போய்த் தேடறது?"

கூட்டம் சிரித்து, அவருக்கு இடம்விட்டு நடந்தது.