அவளுக்கே தெரியாதது

மத்தியானச் சொட்டு மருந்துக்கு அரை மணி நேரம் பிந்திவிட்டது. அடுப்பை அணைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவள் ஓடி வந்தபோது அவள் கணவர், தையல்காரர், கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெஞ்சின் மேல் வைத்திருந்தார். அவள் குப்பியைக் குலுக்கி மூடியைத் திருகினாள். கீழ் இமையை இழுக்க விரலைக் கொண்டுபோனதும் கண் மூடிக்கொண்டது.

"திறங்க."

"வெச்சிட்டுப் போ. சாயங்காலம் தங்கச்சி வருவா. அவ போடட்டும்."

"சாயங்காலம் வரைக்குமா? இப்பவே லேட்டு."

"லேட்டுன்னு தெரியுதில்ல?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அவருக்கு இருந்தது அந்த ஒரு கண்தான். மற்றது சிறு வயதில் காய்ச்சலோடு போய்விட்டது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே முன்னறையில் மெஷின் போட்டு, தைத்துத் தைத்துத் தங்கையை இலக்கியம் படிக்க வைத்தார். அவள் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். வாடிக்கைக்காரர்களிடம் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் "எங்க புரொபசரம்மா" என்பார். ஊசியை வாயில் கவ்வியிருந்தாலும் எடுத்துவிட்டுச் சொல்வார். மனைவி கதை எழுதுவதிலும் அவருக்குப் பெருமைதான். ஆனால் கதை எழுதுகிறவள் வேறு, படித்தவள் வேறு; படித்தவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை. அந்த ஒற்றைக் கண்ணில் புரை விழுந்து, போன வாரம்தான் அறுவை முடிந்திருந்தது.

இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, தங்கை பத்திரிகையோடு வந்தாள். அண்ணியின் கதை வந்திருந்தது. கணவனின் இதய மாத்திரை தீர்ந்துபோனதைச் சொல்ல மறந்துவிடும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. எழுதியது போன வருடம். அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று தங்கை சத்தமாகப் படித்தாள். வகுப்பு எடுத்துப் பழகியவள், ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தி விளக்கமும் சொன்னாள்.

"பிரமாதம் அண்ணி. நீங்க தெரிஞ்சு எழுதல. அதான் அழகு."

"என்னத்தத் தெரிஞ்சு எழுதல?"

"இவ மறக்கல அண்ணி. சும்மா மறக்கறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உள்ள ஒரு மனசு இவன் போகட்டும்னு நினைக்குது. மேல இருக்கற மனசு, ஐயோ மறந்துட்டேனேன்னு அழுவுது. அழுகையும் நிஜம்தான். எழுதும்போதுதான் அந்த உள்மனசு எட்டிப் பார்க்கும், எழுதறவங்களுக்கே தெரியாம."

"ஏண்டி, ஒரு ஆளுக்கு இடது கையை வலது பக்கம் வெச்சுத் தெச்சேனே, அதுவும் உள்மனசு பண்ண வேலையா?" என்றார் அண்ணன்.

"அந்த ஆளை உங்களுக்குப் பிடிக்குமா?"

"எவனுக்குப் பிடிக்கும்? துணியைக் குடுத்துட்டு என் கழுத்து மேலயே உக்காந்திருந்தான்." சொல்லிவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி! ஆமாடி!"

அங்கேதான் அவர் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். அவளுக்கு அது பிறகுதான் புரிந்தது.

"என் கதையில அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் அவள்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க அண்ணி. எவ்வளவு வேகமா இல்லைங்கறாங்களோ, அவ்வளவு ஆழத்துல இருக்குன்னு அர்த்தம்."

தங்கை சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இப்போது அவள் சமையலறையில் நின்றுகொண்டு தன் கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எதிலும் கணவன் வீட்டில் இல்லை. ஒருவன் வெளிநாட்டில். மாத்திரைக் கதையில் வருகிறவன் ராத்திரி வேலையில். ஒருவன் முதல் வரியிலேயே செத்திருந்தான். கணவன் வீட்டில் இருந்தால் கதாநாயகியைத் தனியாக யோசிக்க விடமாட்டான், தண்ணீர் கேட்பான், சட்டை எங்கே என்பான். அதனால் வெளியே அனுப்பிவிடுவாள். எழுத வசதி, அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டாள். மாத்திரைக் கதையை எழுதி முடித்த அன்று சந்தோஷமாக இருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. அவர் தைத்துக்கொண்டிருந்தார். இவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். கதை நன்றாக வந்த சந்தோஷம். அப்படித்தான் அப்போது தெரிந்தது. இன்றைக்கு மருந்துக்குப் பிந்தியதற்கும் காரணம் இருந்தது: பால் பொங்கி வழிந்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாலை ஏன் அந்த நேரத்தில் வைத்தோம் என்று யோசித்ததும் பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் தங்கை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே மறித்தாள்.

"உங்க அண்ணன் என் கையால மருந்து போட விடமாட்டேங்கறார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

"நான் கதையைத்தானே சொன்னேன் அண்ணி. உங்களையா சொன்னேன்?"

"அதை அவர்கிட்ட சொல்லு."

தங்கை சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கதை வேறு ஆள் வேறு என்றாள். இதெல்லாம் பாடம் நடத்த ஒரு வழி, மனுஷங்களை எடைபோட இல்லை என்றாள். அண்ணி ராப்பகலாக உங்களுக்காக ஓடுகிறாள் என்றாள். தையல்காரர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அவளைக் குத்தம் சொல்லலடி. அவ நல்லவ. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்புறம் என்ன?"

"அவளுக்கே தெரியாம இருக்கும்னு நீதானே சொன்ன. அவளுக்கே தெரியாததை அவ எப்படி இல்லன்னு சொல்ல முடியும்? நீதான் எப்படிச் சொல்ல முடியும்?"

கல்லூரியில் தங்கை இந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் வைத்திருப்பாள். இங்கே குப்பியை எடுத்து அண்ணன் கண்ணில் மருந்தை விட்டாள். கை பழக்கமில்லை, இரண்டு சொட்டு கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. கதவருகே நின்ற மனைவி துடைக்கத் துணி எடுத்தாள், கொடுக்கவில்லை.

மறுநாள் கண் சிவந்திருந்தது. டாக்டர் விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சிலருக்கு இப்படி ஆகும். சரியாகவும் செய்யும், ஆகாமலும் போகலாம். இனிமே சொட்டு மருந்து ஒரு வேளை கூடப் பிசகக் கூடாது." பிறகு அவளைப் பார்த்து, "நேரத்துக்குத்தானே போட்டீங்க?" என்றார்.

அவள் வாயெடுப்பதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டார். "டாண்ணு போட்டா டாக்டர். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டா."

இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. சட்டை தைத்து முடியவில்லை என்றால் முடியவில்லை என்பார். அந்தப் பொய் அவளைக் காப்பாற்றச் சொன்னது. காப்பாற்ற ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே கட்டிலில் படுத்தார். தங்கைக்கு அன்று கல்லூரியில் பரீட்சை வேலை, வர மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

"போடு" என்றார்.

கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். வெண்விழியெங்கும் சிவப்பு நூல் ஓடியிருந்தது. அவள் இமையை இழுத்து, குப்பியைக் கவிழ்த்து, மெல்ல அழுத்தினாள். நுனியில் சொட்டு திரண்டது. அவள் கை ஆடியது. ஆடக் கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் ஆடியது. அவர் கையை உயர்த்தி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். தாங்குவதற்கா, தடுப்பதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. விழாமல் தொங்கிய சொட்டுக்கு அப்பால் எங்கோ அவள் முகம் இருக்கும் என்று தேடிப் பார்த்தபடி, தணிந்த குரலில் அவர் கேட்டார்.

"இப்ப என்ன எழுதிட்டிருக்க?"