பத்தரை மணி பஸ்

"அந்தக் கம்பளிய வெளிய எடு," என்றார் அய்யனார், கட்டிலில் சாய்ந்தபடி. "நாகப்பட்டணத்துல எருமகூட தண்ணிய வுட்டு எழுந்திருக்காது. இவ கம்பளி போத்திக்கினு தூங்கப்போறாளாம்."

செங்கமலம் சிரித்துக்கொண்டே கம்பளியை உருவினாள். தகரப்பெட்டியை அவர் போன வாரமே வேண்டாமென்று தள்ளிவிட்டார். உப்புக்காற்றில் மூன்று மாதத்தில் துருப்பிடிக்குமாம். நெய்வேலிச் சுரங்கத்தில் சேருமுன் அந்தத் துறைமுகத்தில் நான்கு வருஷம் மூட்டை தூக்கியவர் சொன்னால் எதிர்ப்பேச்சு ஏது? ஒரு துணிப்பைதான் மிச்சம்.

"நைலான் பொடவ வேணாம், ஒடம்போட ஒட்டிக்கும். துண்டு ரெண்டு வை. அங்க எதுவும் ஒரே நாள்ல காயாது."

"துண்டு காயறதுக்குள்ள ஸ்கூலுக்கு முழுப்பரீட்ச லீவே வந்துடும் போலக்குதேப்பா!"

"வாத்தியாரம்மா ஆவறதுக்கு முன்னாலயே லீவுப் பேச்சப் பாரு!"

ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டிக்கொண்டிருந்த அம்மா வள்ளியம்மாளும் சிரித்தாள். ஆனால் அவர் ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் மூச்சைத் தேடுவதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்து நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேறிவிட்டதால் அனுப்பினார்கள் என்று மகளிடம் இருவரும் சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் அவர் வள்ளியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கக்கெழம சேரலன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிடும். அதுக்குள்ள நான் போயிட்டா, கருமாதி முடியாம அவள யாரு அனுப்புவாங்க? அவ பஸ் ஏறுற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"பெரிய கலெக்டரு, டயம் சொல்லிட்டுப் போறாரு," என்று திட்டியபடியே அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலையில் பை கட்டியாயிற்று. "ஒரு கையால தூக்கிப் பாரு," என்றார் அய்யனார். செங்கமலம் பையைத் தூக்கிக்கொண்டு, துறைமுகத்து ஆள்போல இடுப்பை ஒடித்து அறையை ஒரு சுற்று வந்தாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்து வீட்டு மாணிக்கம்மாளிடம் சொல்லிவிட்டு வர அவள் ஓடினாள்.

சிரித்த சிரிப்பில் அவருக்கு மூச்சு இழுத்தது; வள்ளியம்மாள் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அது கடைவாய் வழியாக வெளியே வந்தது. மூக்கருகே விரல் வைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிஷம்.

முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"அப்பா தூங்கிட்டாரா?"

"பேசிப்பேசி அசந்துட்டாரு. எழுப்பாத."

செங்கமலம் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாதம் இன்னும் சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும். "நட, பஸ் வந்துடும்," என்று வள்ளியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

குடியிருப்பின் பிளாக் முனையில் சிதம்பரம் பஸ் நின்றது; அங்கே மாறித்தான் நாகப்பட்டணம் போக வேண்டும். ஏறிய சற்று நேரத்தில் செங்கமலத்தின் தலை சன்னலில் முளைத்தது. "சன்னலோரம் எடம் கெடச்சிட்டுதும்மா! அப்பாகிட்ட சொல்லு!"

"சொல்றன், சொல்றன். கைய உள்ள வை. போனதும் காயிதம் போடு!"

வள்ளியம்மாள் பல் தெரியச் சிரித்தாள். பஸ் திருப்பத்தில் மறைந்து, புழுதி அடங்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பை இறக்கிவைத்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏறிட்டா. சன்னலோரமாம். கண்டக்டரு வயசான ஆளுதான், பயமில்ல."

 பிறகு எழுந்துபோய் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தாள்.