பத்து வாரத்து முதுகு

டூப் போடுகிறவனுக்கு முகம் முக்கியமில்லை, முதுகுதான் முக்கியம். பதினோரு வருடமாக நான் ஒரே ஹீரோவுக்கு முதுகாக இருக்கிறேன். மாடியிலிருந்து விழுவது நான், எழுந்து தூசி தட்டுவது அவர். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. விழத் தெரிந்தவன் விழுகிறான், எழுந்து நிற்கிற அழகு இருப்பவர் எழுந்து நிற்கிறார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காஸ்ட்யூமர் அண்ணன் ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு தைப்பார். இரண்டுக்கும் அளவு ஒன்றுதான், ஹீரோவின் அளவு. காலருக்கு உள்ளே அவருடையதில் 1 என்றும் என்னுடையதில் 2 என்றும் மையால் எழுதியிருக்கும். என்னை யாரும் நாடா வைத்து அளந்ததே இல்லை. சட்டைக்குள் போய்ச் சேர வேண்டியது என் பொறுப்பு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் யூனிட்டில் எல்லோரும் என்னை ‘ரெண்டு’ என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

அடுத்த படத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஸ்டண்ட் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“சார் இதுல மல்யுத்த வீரரா வர்றாரு. உடம்பு ஏத்துறாரு. நீயும் ஏத்தணும்.”

“ஏறலைன்னா மாஸ்டர்?”

“வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான். இருபத்தஞ்சு வயசுல நாலு பேர் கேட்டுட்டே இருக்காங்க.”

எனக்கு நாற்பத்தொன்று. இந்த வயதில் வெளியே தள்ளப்பட்ட டூப்புக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. விழுவதில் பதினோரு வருட அனுபவம் என்று சொன்னால் யார் வேலை தருவார்கள்?

அந்த வாரமே ஹீரோவின் உடற்பயிற்சி வீடியோ வெளியானது. பத்து வாரத் திட்டம். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தொடை என்று சனி வரை ஆறு நாள். ஒவ்வொன்றும் பத்து ரவுண்டு, ரவுண்டுக்குப் பத்து தடவை. வெள்ளிக்கிழமை கடைசி ரவுண்டுக்கு மட்டும் எண்ணிக்கை கிடையாது, விரல் தானாகத் திறந்துகொள்ளும் வரை தூக்க வேண்டும். திரையில் ஹீரோ நூற்று நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு கர்ஜித்தார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது.

என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எதையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள். வீடியோவையும் அப்படியே பார்த்துவிட்டு, “புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு” என்றாள்.

“பூனைக்குச் சம்பளமே அதுக்குத்தான்” என்றேன்.

எங்கள் தெருமுனையில் மரச்சாமான் கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒரு ஜிம் இருக்கிறது. மேலே யாராவது கட்டிலை இழுத்தால் கீழே சுண்ணாம்பு உதிரும். வீடியோவைப் பார்த்து நான் எழுதிக் கொண்டுபோன அட்டவணையை ஜிம்காரர் இரண்டு தடவை படித்தார். “இது மனுஷன் போட்ட மாதிரி தெரியலையே” என்றார். நான் ஏற்கெனவே கையுறையை மாட்டிவிட்டிருந்தேன்.

முதல் வாரம் எப்படிப் போனது என்று விவரமாகச் சொன்னால் மானம் போய்விடும். தலை வார முடியவில்லை. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுவதற்குக் கதவுப் பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடி கையோடு வந்துவிட்டது. தினமும் பன்னிரண்டு முட்டை, வெள்ளை மட்டும். மஞ்சள் கருவை வீணாக்க மனசு வராமல் மனைவி தின்றாள். “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முட்டை தின்கிற குடும்பம் நம்மதுதான்” என்றாள். மூன்றாவது வாரம் அவளும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

நான்காவது வாரம் விட்டுவிடலாம் என்று தோன்றியது. உள்ளங்கைத் தோல் உரிந்து, கம்பியைத் தொட்டாலே எரிந்தது. அப்போது ஒரு யோசனை வந்தது. இதே வெள்ளிக்கிழமை, இதே நேரம், ஊரின் வேறொரு மூலையில் அவரும் இதே கம்பிக்கு முன்னால் நிற்பார், அவருக்கும் கை எரியும். பதினோரு வருடத்தில் அவருக்குப் பதிலாக எத்தனையோ செய்திருக்கிறேன். அவரோடு சேர்ந்து ஒன்றும் செய்ததில்லை. இதுதான் முதல் தடவை. இதை நினைத்ததும் எனக்கு என்னவோ தெம்பு வந்தது. சிரிக்க வேண்டாம், சில நாள் “வாங்க சார், போவோம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கம்பியைப் பிடித்தேன்.

பத்து வாரமும் முடித்தேன். ஒரு நாள்கூட விடவில்லை.

மறு திங்கள்கிழமை சட்டை போட்டுப் பார்க்கப் போனேன். காஸ்ட்யூமர் அண்ணன் வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு பொத்தானை மாட்டப் பார்த்தார். பொத்தான் துளைப் பக்கமே வரவில்லை.

“மூச்சை வெளிய விடு.”

“விட்டாச்சுண்ணே.”

“இன்னும் விடு.”

“இதுக்கு மேல விட்டா உயிர்தாண்ணே போகும்.”

முதுகுத் தையல் டர்ரென்று கிழிந்தது. அண்ணன் ஊசிகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அளவு அட்டையைப் பார்த்தார். பிறகு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நாடாவை என் மேல் சுற்றினார். நெஞ்சு நாற்பத்திரண்டரை. தோள் ஒன்றரை அங்குலம் அதிகம்.

“சாரோட அளவைத் தப்பா எடுத்துட்டீங்களாண்ணே?”

“போன வியாழக்கிழமை நானே போய் எடுத்தேன். நெஞ்சு நாப்பது. போன படத்துல என்ன இருந்துச்சோ அதேதான். வயிறு மட்டும் அரை இஞ்ச் கூட.”

“அப்ப அந்த வீடியோ?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ரெண்டு மத்தியானத்துல எடுத்து முடிச்சது. வெயிட் தட்டு பூரா மரம். கறுப்புப் பெயின்ட் அடிச்சு ஆர்ட் ஆளுங்க குடுத்தாங்க. உனக்கு இது தெரியாதா?”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெர்மாகோல் பாறையைத் தூக்கி எறிந்து சம்பாதித்தவன் நான். சர்க்கரைப் பாகில் செய்த பாட்டிலைத் தலையில் உடைத்துக்கொண்டு, சிவப்புச் சாயத்தை வழியவிட்டு, நாலு பேரை அலற வைத்தவன். பொய்யை உண்மை மாதிரிக் காட்டுவதுதான் என் பிழைப்பே. வேறு யார் அந்த வீடியோவை நம்பியிருந்தாலும் மன்னிக்கலாம். நான் நம்பினேன், அதுவும் பத்து வாரம்.

செய்தி மாஸ்டர் காதுக்குப் போனது. “ஹீரோவை விட டூப் பெருசா இருக்கிற முதல் படம் இதுதான்டா” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், “பத்து நாள்ல இறக்கிட்டு வா. இல்லேன்னா சொன்னதுதான்” என்றார். ஏற்றியதைப் பத்து நாளில் இறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் ஹீரோ என்னை கேரவனுக்கு வரச் சொன்னார். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். நின்றேன்.

“பத்து வாரமுமா?”

“பத்து வாரமும் சார்.”

“வெள்ளிக்கிழமை கடைசி ரவுண்டு?”

“அதுவும் சார்.”

“நான் முதல் நாள் நிஜமாத்தான் போனேன். ரெண்டாவது நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பெரும்பாடு. மூணாவது நாள் போகலை. அப்புறம் போகவே இல்லை.” அவர் குரலில் திமிர் இல்லை. அதனால் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

பிறகு காரியத்துக்கு வந்தார். படத்தில் அவர் சட்டையில்லாமல் எடை தூக்கி, கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஒரு காட்சி இருக்கிறது. அந்த முதுகைக் கம்ப்யூட்டரில் செய்வதாக இருந்தார்கள். “இப்ப உன் முதுகே இருக்கு. முதல்ல அதை எடுத்துருவோம். சண்டைக் காட்சியெல்லாம் ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்றேன். அதுக்குள்ள நீ பழைய அளவுக்கு வந்துடு. மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

வேலை தப்பித்தது. காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள். “வேலை இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது? முதுகு உங்களுதுன்னு ஊருக்குத் தெரியாம போகுதேன்னா? எனக்குத் தெரியும். பத்து வாரம் அந்த வேர்வைத் துணியைத் துவைச்சவ நான்.”

“தெரியாம போறது பழகின விஷயம்தான்” என்றேன். “அவரும் கூடத் தூக்குறாருன்னு நினைச்சுட்டிருந்தேன். பார்த்தா அந்தக் குழியில நான் ஒத்த ஆளா நின்னு பேசிட்டிருந்திருக்கேன்.”

அவளுக்குக் கிண்டல் வரவில்லை. என் தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எட்டு நாள் கழித்து அந்தக் காட்சியை எடுத்தார்கள். செட்டில் நிஜ எடை வேண்டும் என்று நான்தான் கேட்டேன். மரத்தைத் தூக்கினால் முதுகு அசையாது. நூறு கிலோ வைத்தார்கள். தூக்கினேன், வைத்தேன், கன்னத்து எலும்பு தெரிகிற வரைக்கும் இடது பக்கம் திரும்பினேன். ஒரே டேக். லைட்மேன்கள் கைதட்டினார்கள்.

அடுத்தது ஹீரோவின் முகம். நான் திரும்பி விட்ட இடத்திலிருந்து அவர் திரும்ப வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக ஒட்ட வேண்டும். இயக்குநர் கொஞ்சம் தயங்கி, “சார், ரெண்டு எப்படித் திரும்பினாரோ அதே மாதிரி” என்றார்.

ஹீரோ என்னைப் பார்த்தார். அவருடைய நடையையும் தலைச் சாய்ப்பையும் பதினோரு வருடமாகப் பார்த்துப் பார்த்துப் படித்தவன் நான். இப்போது அவர் என்னிடம், “இன்னொரு தடவை செஞ்சு காட்டு” என்றார். காட்டினேன். அவர் செய்தார். இயக்குநர் மானிட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “சரியா இருக்கா?”

சரி என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

“இல்லை சார். இன்னொரு டேக் போகலாம்.”

மாஸ்டர் கண்ணாலேயே என்னை எரித்தார். இரண்டாவது டேக்கும் சரியில்லை. மூன்றாவதுக்குப் பிறகு ஹீரோவே என் பக்கம் வந்தார்.

“என்ன தப்பு? சொல்லு.”

“கழுத்து மட்டும் திரும்புது சார். வெயிட்டைக் கீழ வச்சவனுக்குக் கழுத்து அவ்வளவு லேசா வராது. முதல்ல மூச்சு வரும், அப்புறம் தோள் இறங்கும், அதுக்கப்புறம்தான் தலை.”

“நடிச்சா வராதா?”

“வரலையே சார்.”

கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். “அப்ப குடு” என்றார். ஆர்ட் ஆள் மரத் தட்டோடு ஓடி வந்தான். ஹீரோ கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டார். நான் குனிந்து கம்பியின் இரண்டு பக்கமும் பத்து கிலோ மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினேன். கம்பியோடு சேர்த்து நாற்பது. பத்து தடவை தூக்கச் சொன்னேன். ஏழாவதில் அவர் முழங்கால் நடுங்கியது. எட்டாவதில் மேக்கப் வழிந்தது. துடைத்துவிட மேக்கப் ஆள் ஓடி வந்ததும், “வேணாம்” என்றார். பத்தாவதை வைத்த கையோடு கேமராவை ஓட்டச் சொன்னேன். யாரும் என்னை “நீ யார் சொல்ல” என்று கேட்கவில்லை.

அவர் திரும்பினார். மூச்சு வந்தது, தோள் இறங்கியது, அதன் பிறகு தலை. இயக்குநர் ஓகே சொல்வதற்கு முன்னால் நான் தலையாட்டிவிட்டேன்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஹீரோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டில் மூடியைத் திறக்க அவருக்கு விரல் வரவில்லை, நான் திறந்து கொடுத்தேன்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார். “மூணாவது நாளோட விடாம பத்து வாரமும் நீ எப்படி எழுந்து போனே?”

மழுப்ப நிறைய பதில் இருந்தது. எனக்கு மழுப்பத் தோன்றவில்லை.

“நீங்க போயிருப்பீங்கன்னு நினைச்சு சார்.”

அவர் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்து, குனிந்து கம்பியைப் பிடித்தார். கேமராவை அதற்குள் உறை போட்டு மூடிவிட்டிருந்தார்கள். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.