கதவில் பதிந்த கை

என் கராஜுக்கு வருகிறவர்கள் முதலில் என்னைப் புகழ்வார்கள், பிறகுதான் காரைப் பார்ப்பார்கள். நூறு வருஷக் காரைக் கொண்டுபோய் விட்டாலும் மர்சூக் நானா புது மாப்பிள்ளையாக ஆக்கித் தருவார் என்று கட்டுகஸ்தோட்டையில் என்னைப் பற்றிப் பேச்சு. அந்தப் பேச்சு தலைக்கேறித்தான் இந்தப் பாவத்தைச் செய்தேன்.

தவமணி மிஸ் பேராதனை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொண்டுவந்தது தகப்பனாரின் 1929ஆம் ஆண்டு ஒஸ்டின் கார். முழுக்காரையும் புதிதாக்கச் சொன்னார், ஒரு கதவைத் தவிர. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அவர்களுடைய வீட்டுக்கும் கார் நின்ற கொட்டிலுக்கும் தீ வைத்திருக்கிறார்கள். தகப்பனார் தனியாளாகக் காரை வெளியே தள்ளியிருக்கிறார். சூட்டில் இளகிய கதவின் பெயின்ட்டில் அவருடைய உள்ளங்கை, ஐந்து விரலோடு அப்படியே பதிந்துவிட்டது.

"மற்ற எல்லாத்தையும் மினுக்குங்கோ நானா. இந்தக் கதவில மட்டும் கை வைக்காதேங்கோ. படங்கள் எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. அந்த வருசமே அப்பாவும் போயிட்டார். எங்களிட்ட மிஞ்சினது இதுதான்" என்றார்.

"நீங்க யோசிக்காதீங்க மிஸ், அது என்ட பொறுப்பு" என்றேன். மறக்காமலிருக்க, அந்தக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியை நானே கட்டினேன்.

இங்கேதான் என் புத்தி பிசகியது. எந்தக் காரைப் பிரித்தாலும் நான் முதலில் கழற்றுவது கைப்பிடி, விளக்கு, நிக்கல் பூசிய சாமான்கள். முப்பது வருஷப் பழக்கம், கை தன்பாட்டில் செய்யும். கைப்பிடி சிவப்புத் துணியோடு பெட்டிக்குள் போனது. கதவு, முகம் சுவர்ப்பக்கமாக, எந்த அடையாளமும் இல்லாமல் சாய்ந்து நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், பழைய பெயின்ட்டைக் கழற்றும் சோடாத் தொட்டிக்குள் இரண்டு கதவுகளையும் இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெயின்ட் தோல் தோலாக மிதந்துகொண்டிருந்தது. ஏதோ உறுத்தியது. பெட்டியைத் திறந்தேன். சிவப்புத் துணி கிடந்தது. கொக்கியால் கதவை இழுத்தெடுத்தேன், வெறும் தகரம்தான் வந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். வெட்கம் ஒரு பங்கு, பேர் கெட்டுவிடும் என்ற பயம் மூன்று பங்கு. சொல்லவில்லை. அதே நிறத்தில் பெயின்ட் கலந்து கதவுக்கு அடித்தேன். காஸ் டோர்ச்சால் சூடாக்கினேன். கொப்பளித்து இளகியதும் என் வலக்கையை வைத்து அழுத்தினேன். தோல் வெந்தது. அந்த வலி எனக்குப் போதாதென்றே பட்டது. பிறகு தேயிலைச் சாயமும் கரியும் தேய்த்து, நாற்பது வருஷப் பழமையை நாலு நாளில் ஏற்றினேன். என் வாழ்நாளில் இவ்வளவு திறமாக ஒரு வேலையும் செய்ததில்லை.

மிஸ் வந்தார். பளபளத்து நின்ற பொனட்டையும் விளக்குகளையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே அந்தக் கதவுக்குப் போனார். பதிவுக்குள் தன் கையை வைத்தார். பிறகு அந்தக் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உங்கட கைக்கு என்ன நடந்தது நானா?"

"ரேடியேட்டர்ல பட்டுட்டு மிஸ்."

"உப்பிடியே விட்டா சீழ் பிடிக்கும். இருங்கோ."

என்னைக் கதிரையில் இருத்தி, கைப்பையிலிருந்து மருந்தெடுத்துப் பூசி, கட்டுத்துணியைச் சுற்றத் தொடங்கினார்.

"அப்பாக்கும் இதே இடத்திலதான் வெந்தது, விரல் அடியெல்லாம். எனக்கு அப்ப பன்ரண்டு வயசு. கட்டத் தெரியேல்லை, பாத்துக்கொண்டு நிண்டனான். அதாலதான் தாதி வேலைக்கே போனனான்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மிஸ், அது உங்கட வாப்பாட கை இல்ல. என்ட கை."

சிவப்புத் துணி, தொட்டி, டோர்ச் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. கதவைப் பார்த்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கழண்ட பெயின்ற் எங்க?"

"ஓடையில ஊத்திட்டன் மிஸ்."

அந்த ஓடை மகாவலி கங்கையில் போய் விழுகிறதென்று அவருக்கும் தெரியும். என் கையை விட்டுவிட்டார்.

"கதவை முழுசாப் பெயின்ற் அடிச்சு விடுங்கோ" என்றார். "உங்கட கையை நான் கண்ணில ஒத்திக்கொள்ள ஏலாது."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர் மறுபடியும் என் கையைப் பிடித்தார். பாதியில் நின்ற கட்டைக் கடைசிவரை சுற்றி முடிச்சுப் போட்டார்.

"நோகுதோ?" என்று கேட்டார்.