நூற்றுக்கு முப்பது

சாமியப்பன் கையில் மைக் கிடைத்துவிட்டால் அரசாங்கத்துக்குக் கெட்ட நேரம் என்று அர்த்தம். திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் இருபது மிஷின் போட்டு டீ-ஷர்ட் தைத்து ஏற்றுமதி செய்கிற மனிதர். முதலாளிகள் சங்கக் கூட்டம் எதுவாக இருந்தாலும் அவருக்குப் பேச்சு ஒன்றுதான்.

“நாடே சேந்து வருசத்துக்கு நூறு ரூபாய்க்கு உற்பத்தி பண்ணுதுன்னு வெச்சுக்கோங்க. அதுல முப்பது ரூபாய் அளவுக்கு மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமுமே செலவு பண்றாங்க. முப்பதுங்க! நம்ம கம்பெனியில ஆபீஸ் செலவு அப்படி ஆச்சுன்னா, ஷட்டரை இழுத்துச் சாத்தீட்டு ஊட்டுக்குப் போகோணும். அதை இருபதாக் குறைக்கோணுங்க!”

அன்றைக்கும் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. பேசி முடித்து நிமிர்ந்தபோதுதான் முன்வரிசையில் விருந்தாளியாக இருந்த ஆளைப் பார்த்தார். மைக்கை அவசரமாகப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அது தீனதயாளன், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு உடுப்பு வாங்கும் அதிகாரி.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகி, சாமியப்பனின் மிஷின்கள் இரண்டு வாரமாகச் சும்மா கிடந்தன. “திங்கக்கிழமைக்குள்ள வேலை வரலைன்னா நாங்க வீரபாண்டிப் பக்கம் வேற கம்பெனிக்குப் போயிருவோம் மொதலாளி, கோவிச்சுக்கிடாதீங்க” என்று சாத்தூர்க்காரி அனுசுயா டெய்லர்கள் சார்பாகச் சொல்லிவிட்டாள். திருப்பூரில் போன டெய்லர் திரும்பி வந்த கதை குறைவு. வேறு வழியில்லாமல், யாருக்கும் சொல்லாமல், அவர் பள்ளி டிராக் சூட் டெண்டருக்கு விலை எழுதிப் போட்டிருந்தார்.

“அந்த வாயை வெச்சுட்டுக் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாமுங்க” என்றாள் மனைவி அன்புசெல்வி. பாவம், அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை தீனதயாளன் கம்பெனிக்கே வந்துவிட்டார். டெய்லர்கள் அத்தனை பேரும் வேலை இருப்பதுபோல் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அதிகாரி சாம்பிளின் தையலை இழுத்துப் பார்த்தார், ஜிப்பை ஏற்றி இறக்கினார்.

“துணி நல்லா இருக்குங்க. இருக்கறதுலயே குறைஞ்ச விலையும் உங்களுதுதான். ஆனா, உங்க பேச்சைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு உறுத்துது. அரசாங்கம் செலவைக் குறைக்கோணும்னு சொன்னீங்களே. செட்டுக்கு நாலு ரூபா குறைச்சுக்கங்க, இங்க இருந்தே ஆரம்பிப்போம்.”

விலையைக் குறை என்று எவர் கேட்டாலும் திருப்பூர்க்காரர் வாயில் முதலில் வருவது ஒரே சொல்தான். கால்குலேட்டரைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. சாமியப்பனுக்கும் அதுதான் வந்தது.

“கட்டுபடியாகாதுங்க!”

வந்த வேகத்தில் நிற்கவும் இல்லை. “பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க உடுப்புல போயி யாராச்சும் சிக்கனம் பாப்பாங்களா? நீங்க குடுக்கற காசு எங்கீங்க போகுது? அனுசுயாவுக்குச் சம்பளமாப் போகுது. அந்தப் புள்ள மளிகைக் கடையில குடுக்குது. மளிகைக் கடைக்காரரு நம்மூருலயே பனியன் வாங்கறாரு. அரசாங்கம் செலவு பண்ணாட்டி நாங்க எப்படிங்க பொழைக்கறது?”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. வேகவேகமாகக் கால்குலேட்டரைத் தட்டி, “ரெண்டு ரூபா குறைச்சுக்கறேனுங்க. அதுக்குக் கீழ போனா டெய்லருங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிரும்” என்றார். இது உண்மை விலை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

“சரிங்க. திங்கக்கிழமை துணியைக் கட்டிங் போட்டுருங்க” என்றார் தீனதயாளன்.

மிஷின்களுக்குப் பின்னால் ஆரவாரம் எழுந்தது. சாமியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சாம்பிளை மடிக்க ஆரம்பித்தார். அதிகாரி விடவில்லை.

“அப்ப அந்த முப்பதை என்ன பண்றதுங்க? குறைக்கறதா, வேண்டாமா?”

“குறைக்கோணுங்க. கட்டாயம் குறைக்கோணும்” என்றார் சாமியப்பன். “இந்த டிராக் சூட்டை மட்டும் விட்டுட்டு, மத்ததை எல்லாம் குறைக்கோணும்.”

தீனதயாளன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார். “எங்கிட்ட வர்ற எல்லாரும் இதையேதானுங்க சொல்றாங்க. அப்படித்தான் முப்பது ஆச்சு.”